பார்க்காத இரண்டு பேர்

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குள் அந்த வீடியோவைத் தொண்ணூறாயிரம் பேர் பார்த்து முடித்துவிட்டார்கள். ரொறன்ரோவில் பார்த்தார்கள், பாரிசில் பார்த்தார்கள், கட்டாரில் இரவு வேலை முடித்து அறைக்குத் திரும்பியவர்கள் கட்டிலில் படுத்தபடி பார்த்தார்கள். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன மீன்பிடி ஊரில் மட்டும் பார்க்காதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி எடித், கடலில் காணாமல்போன எமிலியானுசின் மனைவி. மற்றவள் மரியம், முழுப்பெயர் சித்தி மரியம். அதே படகில் கூடப்போன வஸீரின் மனைவி. பாவங்கள், தாங்கமாட்டார்கள் என்று சொல்லி ஊரே போன்களை இவர்களிடமிருந்து ஒளித்து வைத்தது. ஊருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்த நாள் அது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடலுக்குப் போன படகு புதன் விடிந்தும் திரும்பவில்லை. மார்கழிக் காற்று இரவில் ஒரு மணித்தியாலம் வெறிபிடித்து அடித்து ஓய்ந்திருந்தது. புதன் முழுவதும் ஊரிலிருந்த பதினாறு படகுகளும் தேடின. வியாழன் விடியமுன் மறுபடியும் இறங்கிப் போயின. அவை போய்ச் சற்று நேரத்தில், தெற்கே தூரத்தில் மறிச்சுக்கட்டிக்கு அப்பாலுள்ள கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகக் கதை வந்தது. கதைக்குப் பின்னாலேயே வின்சன்டின் வீடியோவும் வந்தது.

வின்சன்ட் மன்னார் ரவுணில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் திரிந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பஸ் விபத்தைப் போனில் எடுத்துப் போட்டான். கல்யாண வீட்டைவிடச் செத்த வீட்டுக்குத்தான் சனம் கூட வருகிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு மாவட்டத்தில் எந்தப் பிரேதமும் அவனிடமிருந்து தப்பவில்லை. "வணக்கம் உறவுகளே" என்றுதான் தொடங்குவான். யார் செத்தாலும் அவனுக்கு உறவு.

அன்றைக்கு அவன் மரியாதை தெரிந்தவனாகவும் நடந்துகொண்டான். இறந்தவருக்குக் கௌரவம் கொடுக்கவேண்டும் என்று சொல்லி முகத்தை மங்கலாக்கியிருந்தான். ஆனால் உடல் குப்புறக் கிடந்தபோது முதுகில் தெரிந்த பெயரை மங்கலாக்கவில்லை. அதைக் கிட்டத்தில் கொண்டுவந்து மூன்று தரம் காட்டினான். ஊர் விளையாட்டுக் கழகத்தின் நீல ஜேர்சி, ஏழாம் இலக்கம், மேலே எமில் என்ற பெயர். கடலில் மாயமான எமிலியானுஸ் சடலமாக மீட்பு என்று தலைப்புப் போட்டான். உடன் சென்ற மற்றவரைக் காணவில்லை என்பது கீழே, ஆகக் கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடந்தது.

எடித்தின் வீட்டு விறாந்தையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அடுத்த வளவுக்காரி றோசம்மா எடித்தின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். ஒரு கைதான் பிடித்திருந்தது. மற்றக் கை எடித்தின் முதுகுக்குப் பின்னால் போனை வைத்திருந்தது. சத்தத்தை நன்றாகக் குறைத்திருந்தாள். என்றாலும் 'உறவுகளே' என்ற சொல் எடித்தின் காதில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விழுந்தது. முடிய முடியத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள் என்று எடித்துக்கு விளங்கியது. அழுகையோடு அழுகையாக அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாளும் இப்படித்தான். வின்சன்ட் வந்து அவளுடைய முற்றத்தில் நின்று நேரலை போட்டான். அந்த நேரம் மூன்றாம் வீட்டுக்காரர் தங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வேலியால் எட்டிப் பார்த்தாலே அவளுடைய முற்றம் தெரியும். ஆனால் நேரில் வந்தால் ஏதாவது சொல்லவேண்டும், கையைப் பிடிக்கவேண்டும், ஒரு வாளி தண்ணீராவது அள்ளிக் கொடுக்கவேண்டும். போனில் பார்த்தால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அலுத்தால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

எடித் செய்தி பார்ப்பதில்லை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. செய்தி நேரத்தில் அது நிறுத்தப்படும். எமிலியானுசுக்கு அது தெரியும், காரணமும் தெரியும், அவன் ஒருநாளும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தொண்ணூறாம் ஆண்டு, குடும்பத்தோடு ராமேஸ்வரத்துக்கு அகதியாகப் போன படகு மணல் திட்டில் மோதிப் புரண்டது. அவளுடைய அக்கா லூசியா போய்விட்டாள். இவர்களை மண்டபம் முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். முகாமுக்கு வெளியே ஒரு தேத்தண்ணீர்க் கடையில் தொலைக்காட்சி இருந்தது. அதில் லூசியாவைக் காட்டினார்கள். மணலில் ஒரு பாவாடை, ஒரு கை, ஈரத் தலைமயிர். மூன்று செக்கனும் இராது. மூன்று நாள் பின்னேரச் செய்தியில் காட்டினார்கள். மூன்று நாளும் கடைக்கு வந்தவர்கள் ஓடிவந்து கூப்பிட்டார்கள், வாங்க வாங்க, உங்க பொண்ணைக் காட்டுறாங்க என்று. நல்ல மனத்தோடுதான் கூப்பிட்டார்கள். கையில் தேத்தண்ணீர்க் கிளாசும் இருந்தது.

அவளுடைய தாய் மூன்று நாளும் ஓடினாள். பிள்ளையை வேறு எங்கே பார்ப்பது என்று ஓடினாள். நான்காம் நாள் காட்டவில்லை என்று கடைக்காரனோடு சண்டை பிடித்தாள். தகப்பன் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. முகாமின் பின்வேலியோடு போய் நின்றுகொள்வார். எடித் தாயோடு ஒருதரம் போனாள். அக்காவின் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்ததையும், பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி அதைப் பார்த்ததையும் கண்டாள். அதற்குப் பிறகு அவள் தகப்பனின் பக்கம்.

ஆகவே எமிலியானுசின் உடல் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அவள் யாரிடமும் போனைக் கேட்கவில்லை. கோயிலில் துக்க மணி அடித்தது. அத்தனை பேரும் பார்த்தோம் என்றார்கள். அவள் நம்பினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் மனிதன் ஒருவனைக் கடல் எடுத்துவிட்டால் கோயிலில் மணி அடிக்கும். மணி அடித்தால் கடலில் நிற்கிற படகெல்லாம் கரைக்கு வந்துவிட வேண்டும். சவக்காலையில் அவனுக்கு மண் போடும்வரை ஒரு படகும் இறங்கக்கூடாது. இறங்கினால் கடல் இன்னொருவனைக் கேட்கும் என்பது நம்பிக்கை. யுத்தம் நடந்த காலத்தில், கடற்படையின் அனுமதிப் பாசோடு நாளுக்கு நாலு மணித்தியாலம் மட்டும் தொழிலுக்கு விட்ட நாட்களில்கூட, பட்டினி கிடந்து இதைக் காப்பாற்றிய ஊர் அது. இப்போது மணிச்சத்தம் எட்டாத தூரத்துக்கும் போன் எட்டுகிறது. தேடப் போன பதினாறு படகுகளும் எட்டு மணிக்கு வீடியோவைக் கடலிலேயே பார்த்துவிட்டு, எட்டரைக்கு இயந்திரத்தைத் திருப்பிக் கரைக்கு வந்துவிட்டன.

அழுகையில் எடித் இதை நினைக்கவும் இல்லை. அவளுக்கு அதைச் சொன்னவள் மரியம்.

வஸீர் குடும்பம் அந்த ஊருக்கு வந்து நான்கு வருடம். தொண்ணூறில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தின் பிள்ளை அவன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் முடித்த பிறகு திரும்பி வந்தவன். சொந்தப் படகு இல்லை. எமிலியானுசோடு கூலிக்குப் போனான். இரண்டு பேரும் கடலில் என்ன கதைப்பார்களோ தெரியாது, கரைக்கு வரும்போது சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். மரியம் நான்கு வீடு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். இந்த இரண்டு நாளும் அவளுடைய வீட்டுக்கு வின்சன்ட் போகவில்லை. ஊர்ப் பெண்களும் அதிகம் போகவில்லை.

பதினொரு மணிபோல மரியம் எடித்தின் விறாந்தைக்கு வந்தாள். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் இருக்கவில்லை. எடித்தின் முன்னால் முழங்காலில் நின்று, குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

"அக்கா, உங்கட ஆளை அல்லாஹ் கரையில கொண்டுவந்து தந்திட்டான். என்ர ஆள் இன்னும் தண்ணிக்குள்ளதான். போட்டெல்லாம் கரையில ஏத்திக் கிடக்குது அக்கா. அடக்கம் முடியாமல் இறங்கமாட்டினமாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போவினம்."

எடித்துக்கு முதலில் விளங்கவில்லை. எப்போது திரும்பி வந்தார்கள் என்று கேட்டாள். எட்டரைக்கு என்றாள் மரியம். இரண்டரை மணித்தியாலம். எடித் றோசம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். றோசம்மா போனை இடுப்போடு மறைத்துக்கொண்டு, இப்ப உனக்கு அதெல்லாம் ஏன் என்று சொல்லி அவளை மறுபடி தோளில் சாய்க்கப் பார்த்தாள். எடித் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். மரியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பும் இல்லாமல் கரைக்கு நடந்தாள்.

கரையில் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. ஆண்கள் நிழலில் கூடியிருந்தார்கள். சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒரு பெரிய பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எமிலியானுஸ் ஒரு கல்யாண வீட்டில் சிரித்தபடி எடுத்த படம், கண்ணீர் அஞ்சலி, பிறப்பு இந்தத் திகதி, இறப்பு இந்தத் திகதி. ரவுணில் அடித்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தும் விட்டார்கள். ஒரு மனிதனைக் கடலில் தேட நேரம் இல்லாத ஊருக்கு அவனுடைய படத்துக்கு நிறம் பார்க்க நேரம் இருந்தது. எடித் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள்.

அருளப்பு எமிலியானுசின் மூத்த அண்ணன். மீனவர் சங்கத் தலைவரும் அவர்தான். அழுதழுது கண் சிவந்திருந்தது. அவருடைய அழுகையில் பொய் இல்லை. நீதவான் வந்து பார்க்க ஐந்து மணியாகுமாம், அதுவரை பொலிஸ் உடலைக் காட்டாதாம், ஆகவே தான் பின்னேரம்தான் போகப்போவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்லடக்கம் என்று பாதரோடும் கதைத்தாகிவிட்டது. எடித் வஸீரைப்பற்றிக் கேட்டாள். கடற்படைப் படகு ஒன்று தேடுகிறது என்றார். பதினாறு படகு தேடின இடத்தில் ஒரு படகோ என்று அவள் கேட்டாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஊர்க் கட்டுப்பாடு தன்னுடைய காலத்தில் மீறப்படக்கூடாது என்றும், எமிலின் ஆத்துமாவுக்கு அது மரியாதை இல்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இறங்கிப் போய்க் கடலுக்கு இன்னொருத்தனையும் குடுக்கச் சொல்லுறியோ, பிள்ளை?"

"வஸீர் ஆர் அத்தான்? அவன் இன்னொருத்தன் இல்லையோ?"

மரியம் எடித்தின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எடித் அத்தனை பேரையும் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பதினாறு படகுக்காரரும் வஸீரின் கையால் வலை இழுப்பித்தவர்கள். காற்று மழையில் ஆள் குறைந்தால் அவனுடைய வீட்டுப் படலையில் வந்து நின்றவர்கள். செத்தவனுக்காக இரண்டு நாள் கரையில் இருப்பார்கள். உயிரோடு இருக்கக்கூடியவனுக்காக மூன்று மணித்தியாலம் கடலில் நிற்கமாட்டார்கள். அவளுக்கு அவர்களுடைய முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. வேறொன்று கேட்டாள்.

"எமிலை ஆர் நேரில பார்த்தது?"

வீடியோவில வடிவாப் பார்த்தம் என்றார் அருளப்பு. எத்தனை தரம் என்று அவள் கேட்டாள். அவர் கையை விரித்தார். எண்ணவில்லை, எல்லோரும்தான், திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்றார் ஒருவர். அப்படியானால் தனக்கும் காட்டச் சொன்னாள். உடனே எல்லோரும் பதறிப்போனார்கள். வேண்டாம் எடித், பார்க்காதே, பிறகு உன் கண்ணை விட்டுப் போகாது என்றார்கள். தாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, தங்கள் கண்ணை விட்டு அது எப்படிப் போனதோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆயத்தமானவர்கள், அவளுடைய கண்ணுக்காகக் கவலைப்பட்டார்கள். பின்னால் ஓடிவந்திருந்த றோசம்மாவின் கையிலிருந்து எடித் போனைப் பறித்தாள்.

முப்பது வருடத்துக்குப் பிறகு அவள் ஒரு பிரேதத்தைத் திரையில் பார்த்தாள்.

உறவுகளே என்றான் வின்சன்ட். நீல ஜேர்சி வந்தது. எமில் என்ற பெயர் வந்தது, கிட்டத்தில் வந்தது, இன்னும் கிட்டத்தில் வந்தது. அவள் கழுவிக் காயவைத்த ஜேர்சி. போனைப் பிடித்தபடி மணலில் குந்திவிட்டாள். இடுப்பில் மிதப்புக்காக ஒரு வெறும் பிளாஸ்ரிக் கான் கயிற்றால் கட்டியிருந்தது. பிறகு உடலைப் புரட்டினார்கள். முகம் இருந்த இடத்தில் புகைபோல ஏதோ தெரிந்தது. பிறகு பொலிஸ்காரன் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினான். தார்ப்பாயின் நீளம் போதவில்லை. கால்கள் வெளியே கிடந்தன. இரண்டு உள்ளங்காலும் இரண்டு செக்கன் அவளைப் பார்த்தபடி இருந்தன.

எடித் நிறுத்தினாள். திரும்ப அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

ஐந்து வருடத்துக்கு முன் எமிலியானுசின் இடது குதிக்காலில் திருக்கை முள் குத்தியது. சதை அழுகி, ஆசுபத்திரியில் வெட்டி எடுத்தார்கள். பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி அதில் இருந்தது. இரவில் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள். திரையில் இருந்த இடது குதிக்கால் வழுவழுவென்று முழுசாக இருந்தது.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோசம். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, சந்தோசம்தான். நெஞ்சு முட்ட வந்தது. என்னுடையவன் இல்லை, என்னுடையவன் இல்லை என்று உள்ளுக்குள் கூத்தாடியது. அந்தக் கூத்து ஓயமுன்னமே பக்கத்தில் நின்ற மரியத்தின் பாவாடைக் கரை அவளுடைய கண்ணில் பட்டது. படகில் போனவர்கள் இரண்டு பேர். றோசம்மா முதுகுக்குப் பின்னால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ருசித்தது இந்தச் சந்தோசத்தைத்தான், என்னுடையவன் இல்லை என்பதைத்தான், என்று எடித்துக்கு அந்த இடத்தில் விளங்கியது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் பேசாமல் இருக்க நேரம் இல்லை. எமில் தண்ணீரில் இருந்தான்.

இது எமில் இல்லை என்றாள். குதிக்காலைக் காட்டினாள். அருளப்பு போனை வாங்கிப் பார்த்தார். திருக்கை குத்திய அன்றைக்குத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். முகம் வெளிறியது. ஆனால் மற்றவர்கள் விடவில்லை. தண்ணீரில் ஊறினால் கால் வீங்கும், குழி மறையும், படம் தெளிவில்லை, பெயர் இருக்கிறதே என்றார்கள். பாவம், மனம் ஏற்கவில்லை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். கட்டுப்பாட்டை உடைக்க ஒரு விதவையின் வாய்ச்சொல் போதாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அருளப்பு இரண்டு பக்கமும் பார்த்துத் தடுமாறினார்.

இன்னும் ஒருத்தியால்தான் சொல்ல முடியும். எடித் எழுந்து நின்று போனை மரியத்திடம் நீட்டினாள். நீட்டிய கை அவளுடையதுதான். அதை அவள் வாழ்நாள் முழுவதும் மறக்கப்போவதில்லை.

"மரியம், பார்."

மரியத்துக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. தன்னுடைய அண்ணன், நானா, பார்க்கவேண்டாம் என்று போனில் சொன்னதால் இவ்வளவு நேரமும் பார்க்கவில்லை என்று, யாரோ குற்றம் சாட்டியதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு போனை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தையோ பெயரையோ அவள் பார்க்கவில்லை. நேரே காலைப் பார்த்தாள். வலது பெருவிரலில் பச்சைச் சீலைத் துண்டு ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. கடலில் இரண்டு நாள் கிடந்தும் முடிச்சு அவிழவில்லை. தொண்ணூறாயிரம் பேரில் ஒருத்தன் அதைப்பற்றிக் கேட்டும் இருந்தான், காலில் என்ன கட்டு என்று; கேட்டுவிட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை விறகு கொத்தும்போது வஸீரின் கால்விரலில் கோடாலி பட்டதாம். தன்னுடைய பழைய பாவாடையைக் கிழித்துத் தானே கட்டிவிட்டதாக மரியம் சொன்னாள். மரணத்துக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியை முணுமுணுத்தாள். அவள் விழுந்துவிடுவாள் என்று எடித் பிடிக்கப் போனாள். அவள் விழவில்லை. அந்தப் பதினாறு படகுக்காரரையும் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"செத்தது உங்கட ஊர் ஆள் இல்லை. என்ர ஆள். இப்ப உங்களுக்குக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லைத்தானே? போங்கோ. போய் எமில் அண்ணனைத் தேடுங்கோ."

இல்லை, அவனும் எங்கள் ஆள்தான், அவனுக்காகவும் படகு இறங்காது என்று யாராவது சொல்லியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் எமில் செத்துவிடுவான். ஆகவே எல்லோரும் படகுகளைத் தள்ளினார்கள். முதல் படகில் அருளப்பு ஏறினார். பத்து நிமிடத்தில் கரையில் ஒரு படகும் இல்லை.

எடித் கரையில் காத்திருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு மணிக்கு வான் வண்டி வந்ததும், உடலை அடையாளம் காட்டப் போன மரியத்தோடு அவளும் ஏறினாள். எமிலைத் தேட ஊர் முழுக்க இருக்கிறது, இவளோடு போக ஒருத்தரும் இல்லை என்று றோசம்மாவிடம் சொன்னாள். மரியத்தின் நானா புத்தளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். நேரே அங்கே வந்துவிடுவார். வான் பாலத்தைத் தாண்டி, சிலாவத்துறைப் பக்கம் திரும்பி ஓடியது. மரியம் வழி முழுவதும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எடித் அவளுடைய கையை விடவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தரம் வாயெடுத்தாள். வரவில்லை.

மூன்றேகாலுக்கு அருளப்புவின் போன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டான் என்றார். கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிடந்தானாம். பிறகு எமிலியானுசின் குரல் வந்தது. தொண்டை உப்பில் வெந்து, வேறு யாரோ கதைப்பதுபோல இருந்தது. வானுக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"எடித், வஸீர் வந்து சேர்ந்திட்டான்தானே? கரைக்கு நீந்திப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போனவன். குளிருக்கு என்ர ஜேர்சியையும் குடுத்து விட்டனான். காலமை ஒரு போட் கிட்ட வந்தது. கத்தினனான். அது திரும்பிப் போச்சு. நான் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அவன் வந்து சொல்லித்தானே வந்தனீங்கள்?"

எடித் மரியத்தைப் பார்த்தாள். மரியம் ஓம் சொல்லும்படி தலையை ஆட்டினாள்.

"ஓம்," என்றாள் எடித். "அவன் சொல்லித்தான்."

அவள் போனை வைத்த பிறகுதான் மரியம் அழத் தொடங்கினாள். மறிச்சுக்கட்டி போய்ச் சேரும்வரை அழுதாள். எடித்துக்கு நன்றியும் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. மற்ற இரண்டுக்கும் பிறகு நாட்கள் இருக்கின்றன, இப்போது கோபம்தான் தேவை என்று அவள் நினைத்தாள்.

நினைத்தது சரிதான். கடற்கரையில் வின்சன்ட் நின்றான். எமிலியானுஸ் உயிரோடு மீண்ட அதிசயம் என்று அதற்குள் இன்னொரு வீடியோ போட்டுவிட்டானாம். காலையில் போட்டது பிழை என்று ஒரு சொல் இல்லை. அதை அழித்தும் வைத்திருக்கவில்லை, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மனைவி உடலை அடையாளம் காட்டுகிற காட்சிக்காக வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து இடம் பிடித்து நின்றான். எடித் அவனிடம் நேரே போனாள். உன்னால் மூன்று மணித்தியாலம் போனது, என் மனுசன் செத்திருப்பான் என்றாள். அவன் கோபப்படவில்லை. அக்கா, உறவுகள் உண்மையை அறியவேணும்தானே என்றான். சொல்லும்போதே அவனுடைய போன் அவளுடைய முகத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

மறிச்சுக்கட்டிப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் சிலர் உடலைப் பொதிகிற கபனுக்காக வெள்ளைத் துணி கொண்டுவந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவள், சரீபா என்று பெயர், துணியை விரித்து ஒரு தொங்கலைப் பிடித்தாள். சொல்லாமலே எடித் மற்றத் தொங்கலைப் பிடித்தாள். இரண்டு பேரும் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். மரியம் துணிக்கு அந்தப் பக்கம் போனாள். வின்சன்ட் இடப்பக்கம் நகர்ந்தான். எடித் இடப்பக்கம் நகர்ந்தாள். அவன் வலப்பக்கம் வந்தான். சரீபா வலப்பக்கம் வந்தாள். நீதவான் வந்து போகும்வரை, நானா வந்து சேரும்வரை, கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் மரியம் தன் புருசனோடு என்ன கதைத்தாள் என்பது எடித்தின் காதில் விழுந்தது. அவள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே இங்கேயும் இல்லை.

வஸீரை அன்று இரவு இஷாத் தொழுகைக்கு முன்னமே அங்கே அடக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எடித் ஆசுபத்திரியிலிருந்து எமிலியானுசுக்குச் சாரமும் துவாயும் எடுக்க வீட்டுக்கு வந்தாள். மரியம், விதவைகள் வீட்டோடு இருக்கிற இத்தா இருக்க, ஊரிலிருந்த தன் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று ஆட்டோக்காரன் சொன்னான். முற்றத்துக் கொடியில் சாரத்தை எடுக்கும்போது றோசம்மா வேலியடிக்கு வந்தாள். எமில் தப்பியதற்கு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்ததாகச் சொன்னாள். பிறகு, அடக்க முடியாமல், நேற்றைய வீடியோவைப்பற்றித் தொடங்கினாள். ஒன்றரை லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். எட்டு நிமிடமும் வெள்ளைத் துணிதான், வேறு ஒன்றும் இல்லை. துணியை விலத்தச் சொல்லுங்கோ என்று கனடாவில் இருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறாராம். றோசம்மாவும் கடைசிவரை பார்த்தாளாம், அந்தப் பிள்ளையின் முகமாவது தெரியும் என்று.

"நீ மறைச்சுப் போட்டாய் எடித். ஒண்டும் தெரியேல்லை."

எடித் சாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மரியம் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், றோசம்மா அக்கா. இப்பவும் அழுதுகொண்டுதான் இருப்பாள். முகம் வடிவாத் தெரியும். போய்ப் பாருங்கோ."

றோசம்மா போனை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தன்னுடைய வீட்டுக்குப் போனாள்.